படமெடுப்பவருக்குக் கணக்கு உண்டு, நமக்கு?

ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நம் பங்குக் குடும்பங்களில் எந்த வீட்டுக்குச் சென்றாலும், பீரோவின் மேலோ கட்டிலின் அடியிலோ நீண்ட காகித உறைகள் சில கிடப்பதைக் காணலாம். பாட்டியின் முழங்கால், தாத்தாவின் நெஞ்சு, மரத்திலிருந்து விழுந்த பேரனின் மணிக்கட்டு எல்லாம் அவ்வுறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாய் உறங்குகின்றன. சூரிய கிரகணத்தன்று அவற்றை உருவிக் கண்ணருகே பிடிப்பவர்களும் உண்டு. (அந்தப் படம் கண்ணைக் காக்காது, அவ்வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.) அடகுச் சீட்டையும் வீட்டுவரி ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி வைக்கும் நம் தாய்மார்கள்கூட இவ்வுறைகளை அவ்வாறு அடுக்கி வைப்பதில்லை. இதுவரை எத்தனை முறை படம் எடுத்தோம், ஒவ்வொரு முறையும் நம் உடல் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்ற கணக்கு வீட்டில் இல்லை. பல மருத்துவமனைகளுக்கும் சென்றுவரும் ஒருவருடைய மொத்தக் கணக்கு எந்த மருத்துவமனையிலும் இல்லை, அரசிடமும் இல்லை.

ஆனால் படமெடுக்கும் அதே அறையில் ஒருவருக்கு மட்டும் கணக்கு உண்டு. அங்கே பணிபுரிபவரின் நெஞ்சருகே சிறியதொரு பிளாஸ்டிக் அட்டை குத்தப்பட்டிருப்பதை நாம் பார்த்திருப்போம். அதை டி.எல்.டி. பேட்ஜ் என்பர். கால்சியம் சல்பேட்டில் டிஸ்புரோசியம் என்னும் தனிமத்தைச் சிறிதளவு கலந்து செய்த மூன்று வில்லைகள் அதனுள் இருக்கின்றன. கதிர் பட்டால் அவ்வில்லைகள் அதன் ஆற்றலைத் தம்முள் சேர்த்து வைத்துக்கொள்ளும். பின்னர்ச் சூடேற்றினால், சேர்த்ததற்கு ஏற்ற அளவில் ஒளியை உமிழும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த பேட்ஜ் ஆய்வகத்துக்குச் சென்று, ஒளி அளக்கப்பட்டு, வந்த எண் பாபா அணு ஆராய்ச்சி மையம் பராமரிக்கும் தேசியப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறுகிறது. அவர் வேலை மாறிச் சென்றாலும் கணக்கு அவரைத் தொடர்கிறது.

அவருக்கு வரம்பும் உண்டு. கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் பாதிப்பை அளக்கும் அலகு மில்லி சீவர்ட். ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து ஆண்டுச் சராசரி 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த விதி. உண்மையில் எக்ஸ்ரே பணியாளர்களுள் பெரும்பாலோருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 1 மில்லி சீவர்ட்டைக்கூட எட்டுவதில்லை. படமெடுக்கும் நொடியில் அவர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். கதிரின் நேர்ப் பாதையில் படுத்திருப்பவர் நாமே. அந்த நமக்குத்தான் பேட்ஜும் இல்லை, பதிவேடும் இல்லை.

இந்த வேற்றுமைக்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் இக்கதிரைக் கண்டுபிடித்தார். அதே டிசம்பரில் தம் மனைவியின் கையை அவர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மருத்துவர்களும் கருவி செய்பவர்களும் கதிரின் வலிமையைத் தம் கையையே வைத்துச் சோதித்தார்கள். அந்தக் கைகள் முதலில் சிவந்தன, பிறகு புண்ணாயின, பிறகு புற்றுநோய் கண்டு வெட்டி எடுக்கப்பட்டன. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். இத்தகையோரின் நினைவாக 1936-இல் ஹாம்பர்க் நகரின் மருத்துவமனை ஒன்றில் கல் நாட்டியபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. செத்தவர்கள் பணியாளர்கள்; ஆகவே அளக்கும் கருவியும் சட்டமும் அவர்களுக்கென்று பிறந்தன. வாழ்நாளில் ஓரிரு முறை படம் எடுத்துக்கொண்ட நோயாளியைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை. அதற்கு அன்று தேவையும் இருக்கவில்லை.

தேவை வந்தது சி.டி. ஸ்கேன் பெருகிய பின்னரே. சாதாரண எக்ஸ்ரேயில் கதிர் ஒருமுறை உடலை ஊடுருவிச் செல்கிறது, அவ்வளவே. சி.டி. ஸ்கேனில் கதிர்க்குழாய் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்துகிறது. கணிப்பொறி அவற்றைக் கூட்டி, ரொட்டியைத் துண்டு போட்டுப் பார்ப்பதுபோல் உடலின் குறுக்குவெட்டுகளைக் காட்டுகிறது. மூளையில் கசிந்த இரத்தத்தையும், வெடிக்கவிருக்கும் குடல்வாலையும் சில நிமிடங்களில் காட்டிக் கொடுக்கும் அருமையான கருவி அது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் ஊர்களிலேயே பலர். ஆயினும் அதற்கு நாம் கொடுக்கும் விலை எக்ஸ்ரேயின் விலையன்று.

எவ்வளவு என்பதை ஓர் ஒப்பீட்டால் காண்போம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் இயற்கையாகவே நமக்குக் கதிர்வீச்சு கிடைத்துக்கொண்டிருக்கிறது. உலகச் சராசரியில் அது ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும், மணலில் மோனசைட் கலந்திருப்பதால், இதைப் போலப் பன்மடங்கு அதிகம். கருநாகப்பள்ளி மக்களைத் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, அதனால் அங்கே புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009-இல் அறிவித்தார்கள். ஆகவே கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே நடுங்க வேண்டியதில்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லி சீவர்ட். மூன்று நாட்களில் இயற்கை நமக்குத் தருவதே அவ்வளவு. பஞ்சாலைத் தூசியில் உழைத்து இருமலோடு வரும் தொழிலாளிக்கோ, காசநோய் ஐயத்தோடு வரும் முதியவருக்கோ மருத்துவர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால் தயங்க இடமே இல்லை.

சி.டி. ஸ்கேனுக்கு வரும்போதுதான் எண்கள் குழம்புகின்றன. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் நாடெங்கும் நெஞ்சு ஸ்கேனுக்காக மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அப்போது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த மருத்துவர் ரன்தீப் குலேரியா, நோய் கடுமையாக இல்லாதவர்கள் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றும், ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும் எச்சரித்தார். கதிரியல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் உடனே மறுத்தது. அது பழைய கணக்கு, இன்றைய கருவிகளில் மிகக் குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுத்தால் 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்றது. ஒரே ஸ்கேனைப் பற்றி ஒருவர் 400 என்கிறார், மற்றவர் 5 என்கிறார். செய்தித்தாளைப் படித்த எளியவர் எதை நம்புவார்? அவரவர் மனத்துக்குப் பிடித்ததைத்தான்.

இந்தப் பூசலுக்குத் தீர்ப்புச் சொல்லத் தக்க ஓர் ஆய்வு, பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் தமிழ்நாட்டில் செய்யப்பட்டிருந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியுதவியோடு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரோஷன் லிவிங்ஸ்டனும் உடன் ஆய்வாளரும் இரண்டு ஆண்டுக் காலம் தமிழகத்தின் 127 சி.டி. கருவிகளை, அவை இருக்கும் இடத்துக்கே சென்று அளந்தார்கள். அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த நிறுவனம் இத்தகைய வேலையில் முன்னின்றது பொருத்தமே. 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளை ஒன்றை நோயாளி படுக்கும் இடத்தில் வைத்து, அதனுள் அளவியைச் செருகி, வழக்கம்போல் கருவியை இயக்கிப் பார்ப்பதே அவர்கள் கையாண்ட முறை. உருளைக்கு வலியும் இல்லை, நோயும் இல்லை. அது உள்ளதை உள்ளபடி சொல்லும்.

2011-இல் வெளியான முடிவுகளை நாம் கவனிக்க வேண்டும். அந்த 127 கருவிகளில் 44 மட்டுமே பல வெட்டுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் புதுவகை. 53 ஒரே வெட்டை எடுப்பவை. 13 அவற்றினும் பழையவை. 17 ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுப் புதுப்பித்து விற்கப்பட்டவை. சராசரியாக ஒரு நோயாளி ஏற்ற கதிர்வீச்சு, நெஞ்சு ஸ்கேனில் 8.04 மில்லி சீவர்ட், வயிற்றில் 6.69, இடுப்புப் பகுதியில் 4.79. எட்டை 0.02-ஆல் வகுத்துப் பார்த்தால் 400 வருகிறது! ஆக, குலேரியா சொன்ன எண் நம் தமிழகத்துக் கருவிகளில் அளந்த பழைய எண்ணோடு அப்படியே பொருந்துகிறது. சங்கத்தாரும் பொய் சொல்லவில்லை. புதிய கருவியில், திறமையுள்ளவர், வேண்டிய அளவுக்குக் குறைத்து எடுத்தால் அவர்கள் சொன்ன அளவுக்கு இறக்க முடியும். உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. நாம் படுத்த கருவிக்கு எந்த இடம் என்பதே கேள்வி. அதற்கு விடை அந்தக் கருவியின் திரையிலேயே எழுதியிருந்தது; வரிசையில் நின்றவர்களுள் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் தம் அனுபவத்தைக் கொண்டே ஊகிக்கலாம்.

நம் ஊர்களின் நிலைக்கு வருவோம். நாட்டின் பல பாகங்களுக்கும் கட்டுத்துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரிய நோய் என்றால் நாம் மதுரைக்கே ஓடுகிறோம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி, ஐம்பது வயது, சிறுநீரகக் கல் தொல்லை உடையவர் என்று வைத்துக்கொள்வோம். வெயிலிலும் ஆலையின் வெக்கையிலும் உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நம் பக்கத்தில் இத்தகையோருக்குப் பஞ்சமில்லை. நள்ளிரவில் வலி துடிக்கிறது. உள்ளூரில் ஸ்கேன் எடுக்கிறார்கள். மருத்துவர் மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறார். எண்பது கிலோமீட்டர் அளவில் பயணம். அவசரத்தில் படம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அல்லது கொண்டுசென்ற குறுந்தகடு அங்குள்ள கணிப்பொறியில் திறக்கவில்லை. “பரவாயில்லை அண்ணாச்சி, இங்கேயே புதுசா ஒண்ணு எடுத்துருவோம்” என்கிறார்கள். அண்ணாச்சிக்கும் அதில் ஒரு நிம்மதி. பெரிய ஊர், பெரிய கருவி. கல்லை எடுத்தபின் மீதி இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. மறு ஆண்டு மறுபக்கத்தில் வலி, திருவில்லிபுத்தூரில் ஒன்று. மறுபடி மதுரையில் ஒன்று. இரண்டு ஆண்டுகளில் ஐந்து.

கல்லுக்கான ஸ்கேன் வயிற்றையும் இடுப்புப் பகுதியையும் சேர்த்து எடுப்பதாகும். 2011 ஆய்வின் சராசரிப்படி ஒன்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி சீவர்ட். ஐந்துக்கு 55-க்கும் மேல். படமெடுத்த பணியாளருக்கு இரண்டு ஆண்டுகளில் இவ்வளவு ஏறியிருந்தால், ஆண்டுச் சராசரி 20-ஐத் தாண்டிவிட்டது என்று விசாரணை தொடங்கியிருக்கும். நம் தொழிலாளிக்கு யார் விசாரிப்பது? ஐந்து மருத்துவர்களுள் ஒவ்வொருவரும் எழுதியது ஒரே ஒரு ஸ்கேன்தான். ஒருவரும் தவறு செய்யவில்லை. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தவர்தாம் எவரும் இல்லை. பார்த்திருந்தால், இடையில் இரண்டையாவது கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டால் முடித்திருக்கலாம். கல்லைத் தேடுவதற்கென்றே குறைந்த கதிர்வீச்சு முறை ஒன்றும் உண்டு. பருமன் மிகாத உடலில், 3 அல்லது 4 மில்லி சீவர்ட்டுக்குள், கல்லை அது தெளிவாகவே காட்டும்.

அப்படியானால் பணியாளருக்கு இருப்பதுபோல் நோயாளிக்கும் ஒரு வரம்பை விதித்துவிடலாமே என்று சிலர் கேட்பர். அதை உலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வல்லுநர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. சரியான காரணத்தோடுதான் செய்யவில்லை என்பது நம் கருத்து. பட்டாசு ஆலை விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரிடம், “உமது இந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது” என்று சொல்லி ஸ்கேனை மறுக்க முடியுமா? அவருக்கு அந்த ஸ்கேனால் கிடைக்கும் நன்மை உடனடியானது. தீமையோ ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். ஆகவே நோயாளிக்கு விதித்திருப்பவை வேறு இரண்டு நெறிகள்: அந்தப் படம் உண்மையில் தேவையா என்று பார்ப்பது, தேவையெனில் போதுமான அளவுக்கு மேல் ஒரு துளியும் செலுத்தாதிருப்பது. ஒரு வட்டாரத்தின் கருவிகளை அளந்து வரிசைப்படுத்தி, நூற்றில் எழுபத்தைந்து கருவிகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ, அதை உரைகல்லாக வைப்பது வழக்கம். அதைத் தாண்டும் மருத்துவமனை தன் கருவியையும் பழக்கத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வேலூர் ஆய்வாளர்கள் தமிழகத்துக்கென வகுத்துத் தந்ததும் இத்தகைய உரைகல்லே.

தீமை எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்வது நல்லது. பன்னாட்டு வல்லுநர் குழுவின் கணக்கீட்டின்படி, 10 மில்லி சீவர்ட் ஏற்கும் 2,000 பேருள் ஒருவருக்கு அதனால் பிற்காலத்தில் உயிருக்கு உலைவைக்கும் புற்றுநோய் வரலாம். பெரிய அளவுகளில் கண்டதை வைத்துச் சிறிய அளவுக்கு நீட்டிப் போட்ட கணக்கு இது. 100 மில்லி சீவர்ட்டுக்குக் கீழே இது எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை நீடிக்கிறது. ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த வேற்றுமை சுருங்கி வருகிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், சிறுவயதில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 9,50,000 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்றைய அளவில் 10,000 குழந்தைகளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக இரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்று வரக்கூடும் என்று கண்டார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு, தலையில் அடிபட்டு மயங்கிய குழந்தைக்கு ஸ்கேன் வேண்டாமென்று மறுக்கும் தாய் தன் பிள்ளைக்குப் பெருந்தீங்கு செய்தவளாவாள். ஆனால் சாதாரணத் தலைவலிக்கு, “எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் டாக்டர்” என்று தாமாகவே வற்புறுத்தும் பெற்றோர் நம்மிடையே உண்டு. எழுதிக் கொடுக்காத மருத்துவரை விவரம் தெரியாதவர் என்று தூற்றுபவர்களும் உண்டு. அவர்கள் இந்த எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கணக்குப் பார்க்காவிட்டால் பெரிய மருத்துவமனையிலும் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றே போதும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகழ்பெற்ற சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில், பக்கவாத ஐயத்தோடு வந்தவர்களுக்கு எடுத்த மூளை ஸ்கேனில், கருவியின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழையால், வேண்டியதைப் போல் எட்டு மடங்கு கதிர்வீச்சு செலுத்தப்பட்டு வந்தது. ஒரு நாளல்ல, இரு நாளல்ல, பதினெட்டு மாதங்கள். நோயாளி ஒருவருக்குத் தலைமுடி கொத்தாக உதிர்ந்து, அவர் வந்து முறையிட்ட பிறகே 2009-இல் பிழை தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 206 பேர் என்று அப்போது அறிவித்தார்கள். அந்த மாநிலம் 2010-இல் சட்டம் இயற்றியது. 2012 முதல் கலிபோர்னியாவில் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் கதிர்வீச்சு அளவை எழுதியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2013-இல் வகுத்த விதியால், நோயாளி ஏற்ற அளவைப் பற்றிய விவரத்தை அறிக்கையின் ஒரு பகுதியாக்கியது.

ஒரே நோயாளியின் அளவுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும் திட்டத்தை வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை 2006-இல் எடுத்துக்கொண்டது. அதில் முன்னின்றவர் நம் நாட்டவரான மதன் ரெஹானி. பின்னர் அவர் பாஸ்டன் நகரிலிருந்து, 324 மருத்துவமனைகளின் 25 இலட்சம் சி.டி. நோயாளிகளைப் பற்றிய கணக்கை உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்டார். ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 100 மில்லி சீவர்ட்டையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் நூற்றுக்கு 1.33 பேர். சிறிய பங்குதான், ஆனால் தலைகளை எண்ணினால் 33,000-க்கும் மேல். சேர்த்துப் பார்க்கும் வரை அப்படி ஒரு கூட்டம் இருப்பதே வெளியில் தெரியவில்லை.

நம் நாட்டில் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கருவிகளுக்கு அனுமதி வழங்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் தரத்தைச் சோதிக்க வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. கருவியின் கணக்கு ஒருவாறு நடக்கிறது. ஆளின் கணக்கைத் தொடங்கும் வரை, அதை அவரவர் வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்களில் எல்லாமே ஸ்கேன்தான். கருவுற்ற மகளுக்குக் குழந்தையைப் பார்க்க எடுப்பதும் ஸ்கேன். முதுகுவலிக்குக் குகைபோன்ற கருவிக்குள் படுக்க வைத்து, காதடைக்கும் ஓசையோடு எடுப்பதும் ஸ்கேன். நெஞ்சுக்கு எடுத்த சி.டி.யும் ஸ்கேன். முதலாவது ஒலியலையால் எடுப்பது, இரண்டாவது, எம்.ஆர்.ஐ., காந்தத்தால் எடுப்பது. இவ்விரண்டிலும் நாம் பேசிவரும் கதிர்வீச்சு அறவே இல்லை. அது இருப்பது மூன்றாவதில்தான். பெயர் ஒன்றாயிருப்பதால், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி மாமியார் மருமகளின் அல்ட்ராசவுண்டைத் தள்ளிப் போடுவதும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் நிகழ்கின்றன. கருவுற்ற பெண்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு எடுத்த தாய்மாரின் குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுந்திருப்பதை 1956-இல் ஆக்ஸ்போர்டின் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் சுட்டிக்காட்டியபோது, ஏற்றவர்களைவிட எதிர்த்தவர்களே மிகுதி. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இல் அறிமுகப்படுத்திய ஒலியலை முறை பின்னர்ப் பரவி, அந்த எக்ஸ்ரேயின் இடத்தை எடுத்துக்கொண்டது. எக்ஸ்ரே அறை வாசலில், கருவுற்றிருந்தால் முன்னரே சொல்லும்படி எழுதியிருப்பது இந்த வரலாற்றின் பயனே. கேட்கும் வரை காத்திராமல் நம் பெண்களே அதைச் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தாலும் சொல்லிவிடலாம்.

வீட்டுக் கணக்குக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, ஊர், உடலின் எந்தப் பகுதி, எக்ஸ்ரேயா சி.டி.யா, எதற்காக எடுத்தது என்று ஆளுக்கு ஒரு பக்கம். எக்ஸ்ரேக்கு அவ்வளவே எழுதினால் போதும். சி.டி.க்கு மட்டும் இன்னோர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் கருவி தானாகவே ஓர் அட்டவணையைத் திரையில் காட்டும். அதற்கு டோஸ் ரிப்போர்ட் என்று பெயர். அதில் டி.எல்.பி. என்ற தலைப்பின்கீழ், மொத்தம் என்று ஒரு தொகை இருக்கும். படச்சுருள் அச்சிடும்போது இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குறுந்தகட்டில் போடச் சொன்னால் படங்களோடு சேர்த்துப் போடலாம். “தம்பி, டி.எல்.பி. எவ்வளவு வந்திருக்குன்னு இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டால், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தமிழக ஆய்வின் உரைகல் நெஞ்சுக்கு 557, வயிற்றுக்கு 521, இடுப்புப் பகுதிக்கு 294. சில வேளை மருந்து செலுத்தாமல் ஒருமுறையும், செலுத்தியபின் ஓரிரு முறையும் அதே பகுதியை எடுப்பார்கள். அப்போது தொகை இரண்டு மூன்று மடங்காகும். அது நோயின் தேவையால் இருக்கலாம். மருத்துவரிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

அந்த எண்ணை மில்லி சீவர்ட்டாக மாற்ற விரும்புவோர், வளர்ந்தவர்களுக்கு, நெஞ்சானால் 0.014-ஆலும், வயிறானால் 0.015-ஆலும், தலையானால் 0.002-ஆலும் பெருக்கிக்கொள்ளலாம். வயிற்று ஸ்கேனில் 480 என்று எழுதிக் கொடுத்தால் 7.2 மில்லி சீவர்ட். இயற்கை மூன்று ஆண்டுகளில் தரும் அளவு. குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கெண்கள் பொருந்தா. அதே டி.எல்.பி. சிறிய உடலில் இன்னும் பெரிய அளவாகும். ஆகவே அவர்களுக்கு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டை அவர் முன் விரித்துக் காட்டுவதே முறை.